லைட் எரிகிறது, ஆனால் வயரிங் சரியா?



வரவு செலவுக் கணக்கு, வங்கிக் கடன், தீர்மானம் எழுதுவது என்று நம் குழுக்களில் எத்தனையோ பாடம் படித்திருக்கிறோம். இந்த மாதம் நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றிப் படிப்போம். "அதெல்லாம் ஆம்பளைங்க பார்க்கிற வேலை" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் சமூகப்பணி படித்தவள்தான், எலெக்ட்ரீஷியன் அல்ல. ஆனால் ஒரு குழுக் கூட்டத்தில் கேட்ட சம்பவம் என்னை இதைக் கற்றுக்கொள்ள வைத்தது.

நடந்தது என்ன?

ஒரு உறுப்பினர் அக்கா கையில் கட்டோடு கூட்டத்துக்கு வந்திருந்தார். என்னவென்று கேட்டோம்.

அவர் வீட்டுக் கொல்லையில் கழிப்பறையும் குளியலறையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். 2014-ல் தூய்மை பாரத இயக்கம் தொடங்கிய பிறகு நம் ஊர்களில் இப்படி நிறையக் கட்டிடம் வந்தது. கட்டிடத்துக்கு 12,000 ரூபாய் மானியம் கிடைத்தது. ஆனால் உள்ளே லைட் போடுவதை யாரும் யோசிக்கவில்லை. வயசுக்கு வந்த பெண் பிள்ளை ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போகிறாளே என்று, அக்கா சந்தையில் ஒரு இரும்பு பிராக்கெட் லைட் வாங்கினார். கொழுந்தனார் அடுப்படி சுவிட்ச் போர்டில் இருந்து லைன் இழுத்து மாட்டிக் கொடுத்தார். லைட் பளிச்சென்று எரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

சில நாளில் மகள் சொன்னாள்: "அம்மா, சுவிட்ச்சை அணைச்சாலும் பல்பு லேசா மினுங்குது." அக்கா சிரித்துக்கொண்டே, "போனாப் போகுது, ராத்திரிக்கு வெளிச்சம் மிச்சம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த மினுக்கல்தான் முதல் எச்சரிக்கை. யாருக்கும் புரியவில்லை.

ஒரு நாள் பல்பு பீஸ் போய்விட்டது. அக்கா சுவிட்ச்சை அணைத்தார். பல்பைக் கழற்றினார். ஹோல்டருக்குள் நூலாம்படை இருக்கிறதே என்று ஈரத்துணியால் துடைத்தார். "யாரோ கையைப் பிடிச்சுத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். தரையில் விழுந்து முழங்கை விலகிவிட்டது. உயிர் தப்பியது அவர் அதிர்ஷ்டம்.

"நான் சுவிட்ச்சை அணைச்சுட்டுத்தானே தொட்டேன்? பிறகு எப்படி ஷாக் அடிச்சுது?" இதுதான் அவர் கேட்ட கேள்வி. வீட்டுக்காரர் சொன்ன பதில், "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான்." பதில் அத்தோடு முடிந்துவிடவில்லை. உரிமம் உள்ள வயர்மேன் ஒருவரை வைத்துத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று வயர், மூன்று வேலை

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். அதில் மூன்று வயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேஸ்: மின்சாரத்தைக் கொண்டு வரும் வயர். லைன் என்றும் சொல்வார்கள். தொட்டால் ஷாக் அடிப்பது இதுதான்.

நியூட்ரல்: லைட் வழியாகப் போன மின்சாரம் திரும்பிப் போகும் வயர்.

எர்த்: சாதாரணமாக இதில் மின்சாரம் ஓடாது. எங்காவது பேஸ் வயர் உரசி, லைட்டின் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறிவிட்டால், அதை மண்ணுக்குள் கொண்டு போவதற்கான வயர். வீட்டுப் பக்கத்தில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு வைப்பார்களே, அதோடு சேர்ந்தது.

சுவிட்ச் எந்த வயரில் இருக்க வேண்டும்?

தோட்டத்துக்கு ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடுகிறோம். நிறுத்த வேண்டும் என்றால் இரண்டு வழி உண்டு. குழாயை மூடலாம். இல்லை, ஹோஸின் நுனியை மடக்கிப் பிடிக்கலாம். இரண்டிலும் தண்ணீர் நிற்கும். ஆனால் நுனியை மடக்கினால் ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. நடுவில் ஒரு ஓட்டை விழுந்தால் பீச்சி அடிக்கும். குழாயை மூடினால் ஹோஸில் வேகம் இருக்காது.

சுவிட்சும் அப்படித்தான். பேஸ் வயரில் சுவிட்ச் இருந்தால், அணைத்தவுடன் லைட்டுக்கு மின்சாரம் வராது. அது குழாயை மூடியது மாதிரி. நியூட்ரல் வயரில் சுவிட்ச் இருந்தால், அணைத்தாலும் ஹோல்டர் வரைக்கும் மின்சாரம் வந்து நிற்கும். அது நுனியை மடக்கியது மாதிரி. பல்பு அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். அக்கா வீட்டில் நடந்தது இதுதான்.

இதில் ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. சரியாகப் போட்டாலும் பல்பு எரியும், மாற்றிப் போட்டாலும் பல்பு எரியும். வெளிச்சத்தில் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் "லைட் எரியுதுல்ல, அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லைட் எரிவதை வைத்து வயரிங் சரி என்று சொல்ல முடியாது. அணைத்த பிறகு ஹோல்டரில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

கொழுந்தனார் ஏன் ஏமாந்தார்? நிறத்தை நம்பியதால்

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவருக்கு நிறம் தெரியும் என்று நினைத்தார். ஆனால் நம் ஊரில் நிறத்துக்கு இரண்டு வழக்கம் இருக்கிறது.

வீட்டுச் சுவருக்குள் போடும் வயர்: சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு நியூட்ரல். பச்சை எர்த்.

கடையில் வாங்கும் லைட், மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் இவற்றோடு வரும் வயர்: பழுப்பு பேஸ். நீலம் நியூட்ரல். பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த்.

கவனித்தீர்களா? நீல வயர் சுவருக்குள் பேஸ். அதே நீல வயர் லைட்டில் நியூட்ரல்!

அக்கா வீட்டு அடுப்படிப் பக்கம் பழைய வயர்மேன் பேஸுக்கு நீல வயரும், நியூட்ரலுக்குக் கறுப்பும் போட்டிருந்தார். அது தப்பே இல்லை. கொழுந்தனார் புது லைட்டில் நீலம் நியூட்ரல் என்று பார்த்தார். அதனால் போர்டில் இருந்த நீலமும் நியூட்ரல், கறுப்புதான் பேஸ் என்று முடிவு செய்தார். நீலத்தை நீலத்தோடு நேராக முறுக்கினார். கறுப்பில் சுவிட்ச் வைத்தார். லைட் எரிந்தது. வேலை முடிந்தது என்று போய்விட்டார்.

லைட்டில் இருந்த பச்சை மஞ்சள் வயரை என்ன செய்தார்? "இதுக்கு ஜோடி இல்ல" என்று வெட்டி விட்டார். இரும்பு லைட்டுக்கு எர்த்தும் போயிற்று.

நிறத்தில் இன்னும் சில குழப்பம் உண்டு:

1. சுவிட்ச் பெட்டிக்குள் ஒரே சுவிட்சில் இரண்டு சிவப்பு வயர் இருக்கும். ஒன்று வரும் பேஸ். இன்னொன்று சுவிட்சில் இருந்து லைட்டுக்குப் போகும் வயர். சுவிட்ச் போட்டால்தான் இரண்டாவதில் மின்சாரம் வரும்.

2. சிவப்பு வயர் தீர்ந்து போனால், லைட்டுக்குப் போகும் அந்த வயரைச் சிலர் கறுப்பில் போட்டு விடுவார்கள். கறுப்பு என்று நம்பித் தொட்டால் ஷாக் அடிக்கும்.

3. பழைய வீடுகளில் புகையும் தூசியும் படிந்து எல்லா வயரும் ஒரே நிறத்தில் இருக்கும்.

அதனால் நிறம் ஒரு அடையாளம் மட்டும்தான். சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

சோதனை எப்படி? டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

மூடியைத் திறந்து சோதிக்கும் வேலையை வயர்மேன் செய்யட்டும். நாம் பக்கத்தில் நின்று பார்த்து, "ஏன் அண்ணா, இது எது?" என்று கேட்போம். என்ன செய்கிறார் என்று நமக்குப் புரிய வேண்டும்.

முதலில் டெஸ்டரே வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள பிளக் பாயிண்ட்டில் பார்க்க வேண்டும். மூன்று ஓட்டை உள்ள பிளக் பாயிண்ட்டை நேராகப் பார்த்தால் மேலே உள்ள பெரிய ஓட்டை எர்த், நம் வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். வலது ஓட்டையில் டெஸ்டர் எரிந்தால் டெஸ்டர் நல்லது. எரியாத டெஸ்டரை நம்பி "கரண்ட் இல்லை" என்று சொன்னால் ஆபத்து.

பிறகு பாத்ரூம் ஹோல்டர். பல்பைக் கழற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

சுவிட்ச் அணைத்திருக்கும்போது: ஹோல்டரின் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரியக் கூடாது.

சுவிட்ச் போட்டிருக்கும்போது: ஒரு முனையில் மட்டும் எரிய வேண்டும்.

அணைத்திருக்கும்போதே ஏதாவது ஒரு முனையில் எரிந்தால் சுவிட்ச் தப்பான வயரில் இருக்கிறது. உடனே மாற்றச் சொல்லுங்கள்.

டெஸ்டரை மட்டும் நம்பவும் முடியாது. நியூட்ரல், எர்த் இரண்டிலும் அது எரியாது. எனவே எது நியூட்ரல், எது எர்த் என்று டெஸ்டரால் சொல்ல முடியாது. நியூட்ரல் வயர் எங்காவது அறுந்திருந்தால், லைட் வழியாக மின்சாரம் வந்து நியூட்ரலிலும் டெஸ்டர் எரியும். அதனால் நல்ல வயர்மேன் மீட்டர் வைத்தும் பார்ப்பார். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் சுமார் 230 காட்ட வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் மூன்று வயரும் யார் யார் என்று உறுதி.

கருவியே இல்லாமல் நாம் கவனிக்கக் கூடியது ஒன்று உண்டு. சுவிட்ச் அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு லேசாக மினுங்கினால், சுவிட்ச் நியூட்ரலில் இருக்கலாம். சுவிட்சில் சின்ன சிவப்பு விளக்கு இருந்தாலும், வயர் நீளமாக இருந்தாலும் கூட இப்படி மினுங்குவது உண்டு. காரணம் எதுவாக இருந்தாலும் வயர்மேனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "வெளிச்சம் மிச்சம்" என்று விட்டுவிடாதீர்கள்.

பாத்ரூமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

காய்ந்த தோலை விட ஈரத் தோலில் மின்சாரம் சுலபமாகப் பாயும். பாத்ரூமில் வெறுங்காலோடு ஈரத் தரையில் நிற்கிறோம். கையும் ஈரம். மின்சாரம் கை வழியாக ஏறி, நெஞ்சைக் கடந்து, கால் வழியாக மண்ணுக்குப் போக வழி தயாராக இருக்கிறது. கூடத்தில் சுருக்கென்று அடித்து விட்டுவிடும் அதே தப்பு, பாத்ரூமில் உயிரை எடுத்துவிடும்.

"எங்க வீட்லதான் எம்.சி.பி. இருக்கே" என்று சிலர் சொல்வார்கள். எம்.சி.பி. இருக்க வேண்டியதுதான். ஆனால் அது வயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பதற்கு. லைட்டுக்குப் போடும் எம்.சி.பி. 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். மனித உயிரைக் காக்கும் கருவி வேறு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. வீட்டில் போடுவது 30 மில்லி ஆம்பியர். அந்த அளவு மின்சாரம் வழி தவறி மண்ணுக்குப் போனாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனை நிறுத்திவிடும். இரண்டு எண்ணையும் பாருங்கள், 200 மடங்கு வித்தியாசம். நம் உடம்பு வழியாகப் பாயும் கொஞ்ச மின்சாரம் எம்.சி.பி.க்குத் தெரியவே தெரியாது.

வீடுகளில் இந்தக் கருவியைப் பொருத்தச் சொல்லி மின்வாரியமும் அறிவுறுத்தி வருகிறது. குழுவில் உள்கடன் எடுத்தாவது போடலாம், தப்பில்லை. அதில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள். டக்கென்று விழுந்தால் கருவி நல்லது. ஆனால் ஒரு கையில் பேஸும் இன்னொரு கையில் நியூட்ரலும் பட்டால் இதுவும் காப்பாற்றாது. எனவே கருவி இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம்.

பாத்ரூம் லைட் போடும்போது வயர்மேனிடம் சொல்ல வேண்டியவை

1. வேலைக்கு முன் மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டுத் தொடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இருக்கும்.

2. சுவிட்ச் பேஸ் வயரில் இருக்க வேண்டும். சுவிட்ச் போர்டு பாத்ரூமுக்கு வெளியே இருக்க வேண்டும்.

3. இரும்பு அல்லது பித்தளை லைட் என்றால் எர்த் வயர் கட்டாயம். எர்த்துக்குப் பதில் நியூட்ரலோடு முறுக்கக் கூடாது. தண்ணீர் பைப்பில் கட்டவும் கூடாது. எர்த் வயர் இல்லாத வீட்டில் முதலில் எர்த் போட்டுவிட்டுப் பிறகு லைட்டை மாட்டலாம்.

4. தண்ணீர் தெறிக்காத உயரத்தில், மூடி போட்ட லைட்டாக மாட்ட வேண்டும்.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள செம்பு வயர் போட வேண்டும். லைட்டுக்கு 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயர் போதும். பாத்ரூமுக்குள் வயரை முறுக்கி ஒட்டுப் போடக் கூடாது.

6. கொல்லைக்கு லைன் இழுக்கும்போது வயர் பி.வி.சி. பைப்புக்குள் போக வேண்டும். தகரக் கூரை மேலோ, துணி காயப்போடும் கம்பியோடு சேர்த்தோ இழுக்கக் கூடாது. வயர் உரசிக் கிழிந்தால் கொடிக்கம்பி முழுக்க மின்சாரம் ஏறிவிடும். ஈரத்துணி போடப் போவது நாம்தான்.

7. முடித்த பிறகு எது பேஸ், எது நியூட்ரல், எது எர்த், அவற்றின் நிறம் என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மூடுவதற்கு முன் செல்போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். அடுத்து வருபவர் ஏமாற மாட்டார்.

உரிமம் உள்ள வயர்மேனையே கூப்பிடுங்கள். கூலி கொஞ்சம் கூடுதல் கேட்கலாம். அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்துப் பார்த்தால் அது பெரிதாகத் தெரியாது.

யாருக்காவது ஷாக் அடித்தால்

பதறிப் போய்த் தொட்டுவிடாதீர்கள். பிள்ளையாகவே இருந்தாலும் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு உயிர் போகும். உடனே மெயினை அணையுங்கள். அணைக்க முடியாவிட்டால், செருப்புப் போட்டுக்கொண்டு, காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் வயரைத் தள்ளுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். இருதயத் துடிப்பில் பிறகும் கோளாறு வரலாம்.

இதற்கு மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சில வீடுகளில் அதன் முன்னால் நெல் மூட்டை அடுக்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்போது அந்த அக்கா

கை சரியாகிவிட்டது. வயரிங்கை மாற்றி, எர்த் போட்டு, ஆர்.சி.சி.பி.யும் வைத்துவிட்டார்கள். கொழுந்தனார் மேல் அவருக்குக் கோபம் இல்லை. "அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. என் மகள் கேட்டப்ப நான் காது கொடுத்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்" என்றார். போன மாதம் பக்கத்து வீட்டில் லைட் மாட்டியபோது, வாசலில் நின்று, "தம்பி, சுவிட்ச்சை அணைச்சுட்டு ஹோல்டர்ல டெஸ்டர் வச்சுக் காட்டுப்பா" என்று கேட்டவர் அவர்தான். அந்தத் தம்பி முதலில் முறைத்தார். பிறகு வைத்துக் காட்டினார். இரண்டு முனையிலும் எரியவில்லை. "இப்ப சரி" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார்.

நாமும் கேட்கலாம். கேட்பதற்கு எலெக்ட்ரீஷியன் படிப்பு வேண்டாம்.

குழுவில் பேசுவதற்கு

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டு பாத்ரூமில் லைட் இருக்கிறது? அதை மாட்டியது யார்?

2. அணைத்த பிறகும் மினுங்கும் பல்பு யார் வீட்டிலாவது இருக்கிறதா?

3. நீல வயர் எப்போது பேஸ், எப்போது நியூட்ரல்? ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

4. உரிமம் உள்ள வயர்மேன் ஒருவரை ஊராட்சிக் கூட்டமைப்பு மூலம் அழைத்து, எல்லா உறுப்பினர் வீட்டையும் ஒரே நாளில் பார்க்க வைக்க முடியுமா? ஊக்குநர் இதைத் தீர்மானமாக எழுதலாம்.

இந்த மாத வேலை: அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு மெயின் எங்கே இருக்கிறது என்று பார்த்து, பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் அணைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வருகைப் பதிவு எடுக்கும்போதே இதையும் கேட்போம்.